திருட்டுப்போன வாளும் அழிக்கப்பட்ட பதிவும்

2024 டிசம்பரில் 'பாத் ஆஃப் எக்ஸைல் 2' விளையாட்டு முன்னணுகல் வடிவில் வெளியானது. சில வாரங்களுக்குள், கடவுச்சொல்லை யாருக்கும் தராத ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் பெட்டகம் துடைத்து எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இப்படிப் புகார் சொல்பவர்களுக்கு எல்லா விளையாட்டிலும் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "நீங்கள்தான் எங்கோ கவனக்குறைவாக இருந்திருப்பீர்கள்" என்பது. 2025 ஜனவரியில் உண்மை வெளியே வந்தது. அதைச் சொன்னது தயாரிப்பு நிறுவனமான நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ்தான். நிர்வாக அதிகாரம் கொண்ட ஒரு கணக்கோடு, ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் எப்போதோ உருவாக்கி மறந்துபோன பழைய கணக்கு ஒன்று இணைந்திருந்தது. வெளியாள் ஒருவர் அந்த ஸ்டீம் கணக்கைக் கைப்பற்றினார். அதன் வழியாக வாடிக்கையாளர் உதவிக் குழுவின் கருவிக்குள் புகுந்து, ஆட்டக்காரர்களின் கடவுச்சொற்களை மாற்றினார். மொத்தம் 66 கணக்குகள்.

கணக்குகள் களவு போவது புதிதல்ல. இந்தச் சம்பவத்தில் என்னை உலுக்கியது வேறொன்று. ஊழியர் ஒருவர் ஓர் ஆட்டக்காரரின் கடவுச்சொல்லை மாற்றினால் அந்தச் செயல் பதிவாகும். ஆனால் ஒரு நிரல்பிழையால் அது அழிக்க முடியாத தணிக்கைப் பதிவாகச் சேமிக்கப்படாமல், உதவிக் குழுவினர் விரும்பினால் நீக்கிவிடக்கூடிய குறிப்பாகச் சேமிக்கப்பட்டது. உள்ளே புகுந்தவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அந்தக் குறிப்பையும் நீக்கினார். மற்றப் பதிவுகளைக் கொண்டு நடந்ததைக் கோத்துப் பார்க்கலாம் என்றால், தனியுரிமைக் கொள்கையின்படி 30 நாள் கடந்த பதிவுகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 66 பேர் மட்டும்தானா என்று முழு உறுதியோடு சொல்ல நிறுவனத்தாலேயே முடியவில்லை. தொலைந்த பொருளைத் திருப்பித் தரும் வழக்கமும் அந்நிறுவனத்துக்கு இல்லை.

இணைய விளையாட்டுகளில் பொருள்களை மீட்டுத் தருவது ஒரு வேலை, கணக்கின் செயல்பாடுகளைப் பதிந்துவைப்பது இன்னொரு வேலை என்று தனித்தனியாகப் பேசுவதே வழக்கம். மீட்பு வாடிக்கையாளர் சேவையின் பெருந்தன்மையாகவும், பதிவு பொறியாளர்களின் உள்விவகாரமாகவும் பார்க்கப்படுகிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. பதிவு எவ்வளவு நம்பகமானதோ அவ்வளவுதான் மீட்பும் நியாயமாக இருக்க முடியும். அந்தப் பதிவை நிறுவனம் மட்டுமே பார்க்கலாம் என்ற நிலை இருக்கும்வரை, மீட்பு எவ்வளவு தாராளமாக நடந்தாலும் அது ஆட்டக்காரருக்குக் கிடைத்த சலுகைதான், உரிமை அல்ல.

இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். உங்கள் வாளும் கவசமும் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் உள்ள வரிகள். சர்வர் இரண்டு வகையாக அவற்றை நினைவில் வைக்கலாம். ஒன்று, இப்போது யாரிடம் என்ன இருக்கிறது என்ற இருப்பு. மற்றொன்று, எந்தப் பொருள் எந்த நொடியில் யாரிடமிருந்து யாருக்கு எந்த வழியாகப் போனது என்ற வரலாறு. இருப்பை மட்டும் சேமித்து அவ்வப்போது காப்புநகல் எடுத்தால், கோளாறு வரும்போது முழு உலகத்தையும் நேற்றைய நிலைக்குத் திருப்பலாம். ஒரே ஒருவர் இழந்த ஒரு கவசத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பது கடினம். அதற்கு வரலாறு வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண் வேண்டும். இவை இரண்டும் செலவு பிடிக்கும் வேலைகள். எனவே மீட்பு முடியாது என்று ஒரு நிறுவனம் சொன்னால், மனம் இல்லை என்று மட்டும் அதற்குப் பொருளல்ல. தொடக்கத்திலேயே அந்த வரலாற்றை எழுதிவைக்க வேண்டாம் என்று யாரோ முடிவெடுத்திருக்கவும் கூடும்.

'ரூன்ஸ்கேப்' இதற்கு நல்ல உதாரணம். கணக்கு களவுபோய்ப் பொருள்களை இழந்தவர்களுக்கு அவற்றைத் திருப்பித் தருவதில்லை என்பது ஜாகெக்ஸ் நிறுவனத்தின் நெடுநாள் கொள்கை. அதே நிறுவனம் 2013 பிப்ரவரியில், 2007 ஆகஸ்டில் எடுத்த காப்புநகல் ஒன்றிலிருந்து ஒரு முழு உலகத்தையே எழுப்பி 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்று வெளியிட்டது. அது இன்றும் பெருங்கூட்டத்தோடு ஓடுகிறது. ஐந்தரை ஆண்டுக்கு முந்தைய உலகத்தை உயிர்ப்பிக்க முடிந்த இடத்தில், போன வாரம் திருட்டுப்போன முகமூடி திரும்புவதில்லை.

இழப்புகள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. தன் கையாலேயே தவறுதலாக விற்றுவிட்ட, அழித்துவிட்ட பொருள் என்றால் சிக்கல் அதிகம் இல்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடுபவர்கள் உதவிப் பக்கத்துக்குப் போய், தாங்கள் அண்மையில் அழித்த பொருள்களின் பட்டியலைப் பார்த்துத் தாங்களே மீட்டுக்கொள்ளலாம். குறிப்பிட்ட நாள்களுக்கு ஒரு முறை என்ற வரம்பு உண்டு. ஊழியரிடம் கெஞ்ச வேண்டியதில்லை, நிரூபிக்க வேண்டியதும் இல்லை. தன் கணக்கின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை ஆட்டக்காரர் தானே பார்க்கிறார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான சிறப்பு. ஆனால் இதை நடத்தும் பிளிசார்டு நிறுவனம் தன் பக்கத் தவறு வந்தபோது தடுமாறியது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு புதுப்பிப்பை ஒட்டிப் பல கில்டுகளின், அதாவது ஆட்டக்காரர் குழுக்களின், வங்கிகளிலிருந்து பொருள்கள் மறைந்தன. ஆண்டுக்கணக்கில் கூட்டாகச் சேர்த்தவை அவை. எல்லாவற்றையும் மீட்க இயலாது என்று நவம்பரில் பிளிசார்டு அறிவித்தது. தன் தவறால் விற்றவருக்குப் பொருள் திரும்புகிறது, நிறுவனத்தின் தவறால் இழந்தவருக்குத் திரும்பவில்லை என்றால், மீட்பின் தர்மம் எங்கோ தலைகீழாகிவிட்டது.

திருட்டுதான் உண்மையில் கடினமான கணக்கு. அதில் வால்வ் நிறுவனம் நடந்துவந்த பாதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அந்நிறுவனம் தந்த விளக்கத்தின்படி, அது நடத்தும் ஸ்டீம் தளத்தில் மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்பட்டன. ஏமாந்தவர்கள் புதியவர்கள் மட்டுமல்ல. தொழில்முறை ஆட்டக்காரர்களும் அனுபவம் வாய்ந்த வணிகர்களும் இருந்தார்கள். திருடப்பட்ட துப்பாக்கி ஸ்கின் (ஆயுதத்தின் அலங்காரத் தோற்றம்) ஒன்று சில மணி நேரத்தில் நாலைந்து கை மாறி, எதுவும் அறியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பொருளாகிவிடும். அவரிடமிருந்து பிடுங்கினால் அவர் புதிதாகப் பாதிக்கப்படுவார். அதனால் வால்வ் அவரிடமே அதை விட்டுவிட்டு, பறிகொடுத்தவருக்கு அதே போன்ற இன்னொரு நகலை உருவாக்கிக் கொடுத்துவந்தது.

கருணையான தீர்வுதான். ஆனால் அரிதாக இருப்பதால் மட்டுமே விலை பெறும் பொருளுக்கு நகல் எடுப்பது, அதே பொருளை வைத்திருக்கும் அத்தனை பேரின் பையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒருவருக்குக் கொடுப்பதாகும். அதோடு, நண்பரிடம் பொருளைத் தள்ளிவிட்டுத் திருட்டுப்போனதாக முறையிட்டால் ஒன்று இரண்டாகும். மீட்பே ஒரு நாணயச்சாலையாக மாறிவிடும். வால்வ் இந்த வழக்கத்தைக் கைவிட்டு, கணக்கைவிட்டுப் போன பொருளை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தர மாட்டோம் என்று அறிவித்தது. மாற்றாக, கைப்பேசி உறுதிப்பாடு இல்லாதவர்களின் பரிமாற்றங்களை முதலில் 3 நாள், பின்னர் 15 நாள் என்று நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில், அதன் கவுன்டர்-ஸ்டிரைக் விளையாட்டில் பரிமாற்றத்தில் பெற்ற பொருளை 7 நாளுக்கு மறுபடி கைமாற்ற முடியாது என்ற தடையும் வந்தது.

பொருளாதாரத்தைக் காத்ததில் இந்தக் கொள்கை சரி. தனிமனிதர் விஷயத்தில் அது கொடியது. பொருள் யாரிடம் போனது, எங்கிருந்து யார் உள்ளே நுழைந்தார் என்பதெல்லாம் நிறுவனத்தின் பதிவில் இருக்கும்போதே, ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் பறிகொடுத்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே மாதிரியான மறுப்புக் கடிதம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா என்பதும் ஐயம். 2022 ஜூனில் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள ஸ்கின்கள் திருட்டுப்போனபோது உலகமே அதைப் பேசியது. அவற்றில் சில உரியவரிடமே திரும்பியதாகச் செய்திகள் வந்தன. அவருக்குத் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். செய்தியாகாத ஒரு பள்ளி மாணவனின் கத்தி திரும்பவில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2025 ஜூலையில் வால்வ் கொண்டுவந்த ஏற்பாடு இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்க்கிறது. கவுன்டர்-ஸ்டிரைக் 2-இல் கைமாறிய பொருளைப் பெற்றவர் உடனே பயன்படுத்தலாம்; ஆனால் 7 நாளுக்கு அதை விற்கவோ மாற்றவோ முடியாது. அந்த 7 நாளுக்குள், கொடுத்தவர் தன் பரிமாற்றங்களைத் தானே ரத்துசெய்துவிடலாம். விரும்பியதை மட்டும் பொறுக்கி ரத்துசெய்ய இயலாது; அந்தக் காலத்தில் நடந்த பரிமாற்றங்கள் அனைத்தும் ஒன்றாகத் திரும்பும். ரத்துசெய்தவர் அடுத்த 30 நாள் எதையும் பரிமாறவோ சந்தையில் விற்கவோ முடியாது. இதில் நகல் இல்லை. மூன்றாம் நபர் இல்லை, ஏனென்றால் பொருள் இன்னும் மூன்றாம் கைக்குப் போகவே இல்லை. ஊழியரின் தீர்ப்பும் தேவையில்லை. மீட்பு முறைகளில் நான் அறிந்தவற்றுள் இதையே மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்டீமுக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டு ஸ்கின்னைக் கொடுத்துவிட்டு, ஆறாம் நாள் ரத்துசெய்து பொருளையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் மோசடிக்கு வழி திறந்தது. வெளிச்சந்தைகள் விற்பவருக்குப் பணம் தருவதை அந்தக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்க நேர்ந்தது. நேர்மையாகக் கைமாற்றும் எல்லோரும் ஒரு வாரம் காத்திருக்கிறார்கள். ஏழு நாள் கடந்து விழித்துக்கொண்டவருக்கு, உதாரணமாக தேர்வுக்காக ஒரு மாதம் விளையாடாமல் இருந்துவிட்டுத் திரும்பிய மாணவருக்கு, இந்த ஏற்பாட்டில் எதுவும் இல்லை.

காலத்தைத் திருப்பாமலேயே பதிவு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு 2013 மே மாதத்து 'டயாப்லோ 3' ஒரு சான்று. 1.0.8 புதுப்பிப்பில் இருந்த பிழையால் ஏலக்கூடத்தில் தங்கம் பெருகிப் பெருகி வந்தது. முழு சர்வரையும் முந்தைய நிலைக்குத் திருப்பியிருந்தால், அந்த நேரத்தில் நேர்மையாக ஆடிய எல்லோரின் உழைப்பும் போயிருக்கும். பிளிசார்டு அதைச் செய்யாமல் பரிவர்த்தனைப் பதிவுகளைத் தணிக்கை செய்தது. 415 கணக்குகள் சிக்கின. முறைகேடான தங்கத்தின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். பிடிபட்ட ஏல வருமானத்தைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். வரலாறு எழுதப்பட்டிருந்ததால்தான் குற்றவாளியையும் அப்பாவியையும் பிரிக்க முடிந்தது.

ஆனால் பதிவே ஒரே சாட்சியாகவும் அதை எழுதியவரே நீதிபதியாகவும் ஆகும்போது என்ன நேர்கிறது என்பதை 'ஈவ் ஆன்லைன்' காட்டுகிறது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் நடத்திவரும் இந்த விளையாட்டில் இழப்பு நிரந்தரமானது. கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். ஒவ்வொரு அழிவுக்கும் 'கில்மெயில்' என்ற அறிக்கை வரும். யார் சுட்டார், எந்தக் கருவி அழிந்தது, எது மிஞ்சியது என்று வரிவரியாக அதில் இருக்கும். பண வரவுசெலவையும் பாஸ்புக்கைப் போல ஆட்டக்காரரே புரட்டிப் பார்க்கலாம். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மண்டலத்தில் நடந்த போரில் 75 டைட்டன் கப்பல்கள் அழிந்தன. நிறுவனம் எதையும் திருப்பித் தரவில்லை. சிதைவுகளை அங்கேயே நினைவுச்சின்னமாக விட்டுவைத்தது. எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு பெரிய இழப்பையும் ஆட்டக்காரர்களால் விளையாட்டின் பகுதியாக ஏற்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அதே விளையாட்டில் சர்வர் கோளாறால் கப்பலை இழந்ததாக முறையிட்டால் நிலைமை வேறு. நிறுவனத்தின் பதிவில் கோளாறு தெரிந்தால்தான் இழப்பீடு. ஆட்டக்காரர் தன் கணினியில் எடுத்த படமோ காணொளியோ அதற்கு ஈடாகாது. 'பதிவுகளில் எதுவும் தென்படவில்லை' என்ற பதில் ஈவ் ஆடுபவர்களிடையே ஒரு சொல்வழக்காகவே ஆகிவிட்டது. கோளாறைப் பதிவதற்கென்று எதுவும் எழுதப்படவில்லை என்றால் அந்தக் கோளாறு நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. கில்மெயில் தந்த வெளிப்படைத்தன்மையை நிறுவனம் தன் தவறுகளுக்கும் நீட்டியிருந்தால், இவ்வளவு கசப்பு தேங்கியிருக்காது.

நீதிமன்றங்கள் இந்த இடத்தில் நிறுவனங்களைவிட முன்னதாகவே வந்து நின்றன. சீனாவின் 'ஹோங்யுவே' விளையாட்டில் இரண்டு ஆண்டுகளில் 10,000 யுவானுக்கு மேல் செலவிட்டுச் சேர்த்த ஆயுதங்களை 2003 பிப்ரவரியில் ஒருவர் இழந்தார். பொருள்கள் எந்தக் கணக்குக்குப் போயின என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்குக்கு உரியவர் யார் என்பதைத் தர மறுத்தது. வெறும் தரவுகளுக்கு மதிப்பில்லை என்றும் வாதிட்டது. பெய்ஜிங்கின் சாவோயாங் மாவட்ட நீதிமன்றம், பாதுகாப்பில் ஓட்டை விட்டது நிறுவனம்தான் என்று சொல்லி, பொருள்களை மீட்டுக் கொடுக்குமாறு அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. நெதர்லாந்தில், ஒரு சிறுவனை அடித்து மிரட்டி அவனுடைய ரூன்ஸ்கேப் தாயத்தையும் முகமூடியையும் பறித்த வழக்கில், 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே கொண்டது. அந்தப் பொருள்களைப் பெற அவன் செலவிட்ட நேரமும் உழைப்பும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் எடுக்கப்பட்டன.

பெய்ஜிங் வழக்கில் நிறுவனம் மறுத்ததில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. பதிவு என்பது பாதிக்கப்பட்டவரை மட்டும் பற்றியதல்ல. அதில் மற்றவரின் முகவரி, கருவி, உரையாடல், அவர் எந்த நேரம் விழித்திருந்தார் என்பது வரை இருக்கிறது. ஆட்டக்காரர்களில் குழந்தைகள் ஏராளம். எல்லாவற்றையும் என்றென்றும் பதிந்துவை என்று கேட்பவர்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஒவ்வோர் இரவையும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் அடுக்கச் சொல்கிறார்கள். கிரைண்டிங் கியரின் 30 நாள் விதியும் கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. பிழை எங்கே என்றால், எல்லாவகைப் பதிவையும் ஒரே கத்தரியால் வெட்டுவதில்தான். பொருள் கைமாறிய வரலாறும், ஊழியர் ஒரு கணக்கைத் தொட்ட வரலாறும் ஆண்டுக்கணக்கில், யாராலும் திருத்த முடியாத வடிவில் இருக்க வேண்டும். இணைய முகவரியும் இருப்பிடமும் சில மாதங்களில் போகலாம். தோழர்களோடு பேசிய பேச்சு, புகார் எதுவும் எழாவிட்டால், அதற்கும் முன்பே போய்விட வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இதை வேறு வழியில் அறிந்தவர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. அக்டோபர் 30-உடன் இந்தியாவில் அதன் சேவை நின்றது. 2021 ஜூலையில் கிராஃப்டான் நிறுவனம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வை வெளியிட்டபோது, ஒப்புதல் தந்தவர்களின் பழைய ஸ்கின்களும் சேகரங்களும் புதிய விளையாட்டுக்கு மாற்றப்பட்டன. இந்திய ஆட்டக்காரர்கள் கண்ட மிகப் பெரிய மீட்பு அதுதான். ஒரு நாட்டின் தடையையே தாண்டிப் பொருள்கள் திரும்பிவந்தன. ஆனால் தனி ஒருவர் தன் ஐடியை இழந்தால் கதை அவ்வளவு எளிதல்ல. கணக்கு உங்களுடையது என்று காட்டப் பெரும்பாலும் கேட்கப்படுவது, பணம் கட்டிய ரசீது. தெருமுனைக் கடையிலோ தெரிந்த அண்ணனிடமோ காசு கொடுத்து, ஐடி எண்ணைச் சொல்லி டாப்-அப் செய்த பையனிடம் ரசீது ஏது? மூன்று வருடம் இலவசமாகவே ஆடி உயர்ந்தவளிடம் அதுகூட இல்லை. அதே நேரம் ஐடியை விற்றுவிட்டு, சில நாள் கழித்து "ஹேக் ஆகிவிட்டது" என்று பழைய ரசீதைக் காட்டித் திரும்பப் பிடுங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டியதை மட்டும் சாட்சியாகக் கொள்ளும் மீட்பு முறை, ஏழை ஆட்டக்காரரைத் தள்ளிவிட்டு இந்த மோசடிக்காரரை உள்ளே விடுகிறது. விளையாடிய வரலாறும் கருவியின் வரலாறும் ரசீதைவிட நேர்மையான சாட்சிகள்.

இந்தியச் சட்டம் பதிவுகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறது. 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, சேவை வழங்குபவர்கள் தங்கள் அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருந்து, கேட்டால் அரசிடம் தர வேண்டும். 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தியாவில் 50 லட்சமோ அதற்கு மேலோ பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட இணைய விளையாட்டு நிறுவனங்கள், மூன்று ஆண்டு எட்டிப்பார்க்காதவர்களின் தரவை அழிக்க வேண்டும் என்கின்றன அவை. அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு தெரிவிக்கவும் வேண்டும். இந்தக் கெடுவிலிருந்து இரண்டுக்கு விலக்கு: தன் கணக்குக்குள் நுழைவதற்கானவை, பணமோ பொருளோ சேவையோ பெற உதவும் மெய்நிகர் டோக்கன்களை அணுகுவதற்கானவை. கணக்குக்குள் கிடப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை அரசின் விதியே ஏற்றிருக்கிறது. பேட்டில்கிரவுண்ட்ஸில் காசு கொடுத்து வாங்கிய யூசி என்ற விளையாட்டு நாணயம் இந்த விலக்கில் அடங்கும் என்று வாதாட முடியும். அதைக் கொடுத்துப் பெற்ற ஸ்கின்னும் அடங்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தன்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறியும் உரிமையைத் தருகிறது. விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 மாதத்துக்குப் பின் அது நடைமுறைக்கு வர வேண்டும். ஆட்டக்காரர்கள் அதை முதலில் இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும்: கடந்த ஓராண்டில் என் கணக்கைவிட்டு வெளியேறிய பொருள்கள், ஒவ்வொன்றும் போன நேரம், அப்போது உள்ளே இருந்த கருவி, என் கணக்கைத் தொட்ட ஊழியர் நடவடிக்கைகள். பெற்றவரின் அடையாளத்தை மறைத்துவிட்டே இதைத் தரலாம். அவரைத் தேடுவது காவல்துறையின் வேலை. கில்மெயிலை நொடிகளில் அனுப்பத் தெரிந்த தொழில்நுட்பத்துக்கு இதை விளையாட்டின் அமைப்புப் பக்கத்திலேயே ஒரு பொத்தானாக வைப்பது பெரிய வேலை இல்லை.